எஞ்சின் சூடாகும் முன்

நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின்மேல் ஊன்றி, அதன் மரப்பிடியைக் காதோரம் அழுத்தி வைத்துக் கேட்கும் மெக்கானிக்குகள் இப்போது குறைந்துவிட்டார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், செய்து காட்டுவார். டேப்பெட் மூடிமேல் வைத்தால் ஒரு சத்தம், டைமிங் செயின் பக்கம் வைத்தால் வேறு சத்தம், டைனமோ பேரிங்மேல் வைத்தால் இன்னொன்று. இரும்பு வழியாக ஓசை ஏறி வரும்போது சுற்றியிருக்கும் இரைச்சல் அடங்கிப்போய், குறை இருக்கும் இடத்தின் சத்தம் மட்டும் தனியாகக் கேட்கும். சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பட்டறை வைத்திருந்த எங்கள் மேஸ்திரி அப்படித்தான் கேட்பார். கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். பட்டறைப் பையன்கள் அந்த நேரத்தில் ஸ்பானரைக்கூடக் கீழே போட மாட்டார்கள்.

அவர் சொன்ன தீர்ப்பை வைத்துத்தான் எங்கள் வீட்டில் வண்டி வாங்கினோம், வைத்திருந்தோம், விற்றோம்.

எழுபதுகளின் நடுவில் அப்பா அம்பாசிடர் வாங்கினார். பழைய வண்டி, மார்க் 2. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒருவர் விற்றார். புதிய கார் என்றால் பணம் கட்டிப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் செய்த அம்பாசிடர், பம்பாய் குர்லாவில் செய்த பியட், நம் வண்டலூர்ப் பக்கம் செய்த ஸ்டாண்டர்டு வண்டிகள் என்று மூன்றுக்குள்தான் நாடே ஓடிக்கொண்டிருந்தது. அதனால் நன்றாக வைத்திருந்த பழைய வண்டி ஒன்று விலைக்கு வருகிறது என்றால் ஊரில் நான்கு பேராவது அதன் பின்னால் அலைவார்கள். அவசரப்பட்டு முன்பணம் கொடுத்துவிடுவார்கள். அப்பா மேஸ்திரியை அழைத்துக்கொண்டு போனார். சின்னப் பெண்ணான என்னையும் கூட்டிப்போனார், மலையைப் பார்க்கட்டும் என்று.

மேஸ்திரி வண்டிப் பக்கமே போகவில்லை. முதலில் ஷெட்டைச் சுற்றி வந்தார். தரையில் எண்ணெய்ச் சொட்டு விழுந்த கறை எங்கெங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த கிரீஸ் கன்னை எடுத்து அழுத்திப் பார்த்தார், கிரீஸ் வந்தது. அங்கே ஒரு ஆணியில் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று நூலில் தொங்கியது. எந்தத் தேதியில் எத்தனை மைலில் ஆயில் மாற்றினார்கள், எப்போது கிரீஸ் அடித்தார்கள், எந்த டயரை எங்கே மாற்றிப் போட்டார்கள் எல்லாம் ஒரே கையெழுத்தில் இருந்தது. ஊதா மசி. நடுவில் ஒரு மாதம்கூட விடுபடவில்லை. அம்பாசிடரின் முன்பக்க சஸ்பென்ஷனில் கிரீஸ் நிப்பிள்கள் உண்டு. அதற்கு ஒழுங்காகக் கிரீஸ் அடிக்காவிட்டால் கிங் பின் தேய்ந்து ஸ்டியரிங் ஆட்டம் காட்ட ஆரம்பித்துவிடும். பெரும்பாலோர் அதை மறந்துவிடுவார்கள். அந்த மனிதர் மறக்கவில்லை.

“வண்டியப் பாக்கறதுக்கு முன்னாடி வச்சிருந்தவரப் பாக்கணுங்க சார். பாத்தாச்சு. இனி வண்டியப் பாக்கலாம்” என்றார் மேஸ்திரி.

பிறகு பார்த்தார், அரை நாள் பார்த்தார். அந்த அரை நாளில் அவர் செய்த ஒவ்வொன்றையும் அதன்பின் பல வண்டிகளிடம் அவர் செய்யக் கண்டிருக்கிறேன் என்பதால், எது அன்று நடந்தது, எது பின்னால் நடந்தது என்று இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் போனெட்மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, “காலையில ஸ்டார்ட் பண்ணீங்களா?” என்று அவர் கேட்டதும், இல்லை என்று தோட்டக்காரர் சொன்னதும் நன்றாக நினைவிருக்கிறது. பழைய வண்டியை எப்போதும் ஆறிக்கிடக்கும் எஞ்சினோடுதான் பார்க்க வேண்டும் என்பது அவருடைய முதல் விதி. சூடான எஞ்சின் எல்லாக் குறையையும் மறைத்துவிடும். வாங்குபவர் வருவதற்கு முன் ஓட்டிச் சூடேற்றி வைப்பது புரோக்கர்களின் பழைய வேலை.

குளிர்ந்த எஞ்சினை முதல்முறை கிளப்பும்போது சைலன்சரிலிருந்து வரும் புகைக்கு அவர் ஒரு பாடமே வைத்திருந்தார். முதல் ஸ்டார்ட்டில் மட்டும் கொஞ்சம் நீலப்புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் போயிருக்கிறது, இரவெல்லாம் ஆயில் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கியிருக்கிறது. மேடேறும்போது மிதிக்க மிதிக்க நீலப்புகை தொடர்ந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது, அது பெரிய செலவு. கறுப்புப்புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. கார்புரேட்டரைச் சரிசெய்தால் போதும். சூடேறிய பிறகும் வெள்ளைப்புகை நிற்கவில்லை என்றால் தண்ணீர் எரிகிறது. அப்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி அதன் உட்புறத்தைப் பார்ப்பார். அங்கே கெட்டி மோர் அப்பியதுபோல் வெளுத்து இருந்தால் ஹெட் கேஸ்கெட் வழியே தண்ணீரும் ஆயிலும் கலக்கின்றன என்று பொருள். “இது வேண்டாங்க” என்று மூடியைத் திருப்பி மாட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிடுவார். அதற்குமேல் விலை பேச விடமாட்டார்.

அந்த அம்பாசிடரில் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறோம். இருபது கொண்டை ஊசி வளைவுகள். கோடை காலத்தில் பாதி மலை ஏறுவதற்குள் வண்டி இருமத் தொடங்கும், பிறகு ஆஃப் ஆகிவிடும். செல்ஃப் நன்றாக எடுக்கும், எஞ்சின் பிடிக்காது. புதிதாகப் பார்ப்பவர்கள் பெட்ரோல் தீர்ந்துவிட்டதென்றோ பிளக் போய்விட்டதென்றோ பதறுவார்கள். எதுவும் போயிருக்காது. அந்தக் காலத்து வண்டிகளில் பெட்ரோல் பம்ப் எஞ்சின் உடம்போடு ஒட்டியே இருக்கும். முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் நெடுநேரம் ஏறும்போது எஞ்சின் காந்தும், காற்றும் போதாது. பம்புக்குள்ளும் குழாய்க்குள்ளும் பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் தள்ளப் படைத்தது திரவத்தை. ஆவியை அதனால் தள்ள முடியாது. அதனால் கார்புரேட்டருக்குப் பெட்ரோல் போய்ச் சேராது. வேப்பர் லாக் என்று சொல்வார்கள்.

அதற்கு மருந்து ஈரத் துணிதான். அப்பா போனெட்டைத் தூக்கி, தண்ணீரில் நனைத்த பழைய துண்டைப் பம்பின்மேல் சுற்றி வைப்பார். மரநிழலில் கொஞ்ச நேரம். பம்பின் அடியில் இருக்கும் சின்னக் கைநெம்பை விரலால் மேலும் கீழும் அசைத்துப் பெட்ரோல் ஏறுகிறதா என்று பார்ப்பார். விரலுக்கு எதிர்ப்புத் தட்டினால் பெட்ரோல் வந்துவிட்டது. நாங்கள் அதற்குள் அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சாதத்தைப் பிரித்திருப்போம். அந்தத் துண்டு எங்கள் வண்டியின் ஒரு உறுப்பாகவே ஆகிவிட்டது. டிக்கியில் தண்ணீர் நிரம்பிய பித்தளைக் குடமும் அந்தத் துண்டும் இல்லாமல் அப்பா அடிவாரத்தைத் தாண்டமாட்டார்.

ரேடியேட்டர் கொதித்தால் மட்டும் அவர் முகம் மாறிவிடும். மேஸ்திரியிடம் வேலை பார்த்த பையன் ஒருவனுக்கு முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை வெந்த தழும்பு இருந்தது. கொதிக்கும் ரேடியேட்டர் மூடியை அவசரத்தில் திருகியதால் வந்தது. மூடி கழன்றதும் உள்ளே அழுத்தத்தில் அடங்கிக் கிடந்த தண்ணீர் அப்படியே பீய்ச்சி அடித்துவிடும். ஆறும்வரை காத்திருந்து, நனைத்த கோணிச்சாக்கைப் போட்டு மூடியைப் பாதி திருகி, ஆவி போனபிறகே முழுதாகக் கழற்ற வேண்டும். கழற்றிய உடனே பச்சைத் தண்ணீரைக் கொட்டவும் கூடாது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் காய்ந்த இரும்பு விரிசல் விட்டுவிடும். இதை அந்தப் பையனே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். தழும்பைத் தடவிக்கொண்டே சொன்னான்.

மேஸ்திரி தொழில் பழகியது மதுரையில், டி.வி.எஸ். பட்டறையில். அந்தக் காலத்தில் தென் மாவட்டங்களில் ஒரு மெக்கானிக்கைப் பற்றி அதைவிடப் பெரிய சிபாரிசு கிடையாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பைக் கட்டி, அதிலிருந்து வரும் வாயுவில் எஞ்சினை ஓட்டினார்கள். அந்தக் கரிவாயுக் கலன்களை டி.வி.சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம் செய்து விற்றது. மேஸ்திரிக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் அந்தக் கலன்களைக் கழற்றிச் சாம்பல் தட்டியவராம். பெட்ரோல் இல்லாத நாளிலும் வண்டி ஓடியிருக்கிறது, அதனால் ஓடாத வண்டி என்று ஒன்று கிடையாது என்பது அவரிடமிருந்து மேஸ்திரிக்கு வந்த நம்பிக்கை. ஓடாத வண்டிக்குக் காரணம் ஒன்று இருக்கும். அதைத் தேட வேண்டும், அவ்வளவுதான்.

அவர் பட்டறைக்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று வரும். ஒரு வக்கீலுடையது. அந்த வண்டி வந்தால் மேஸ்திரி தானே இறங்கி வேலை செய்வார். காரணம் அதன் போனெட். முன்பக்கம் முழுவதும், சக்கரத்தின்மேல் இருக்கும் மட்கார்டு உட்பட, ஒரே துண்டாக முன்னோக்கிச் சாய்ந்து திறந்துகொள்ளும். எஞ்சினும் முன் சக்கரங்களும் திறந்த வெளியில் நிற்கும். மேஸ்திரி டயர்மேல் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு கார்புரேட்டரைக் கழற்றுவார். ரிப்பேர் பார்ப்பவனை நினைத்து ஒருவன் இதை வரைந்திருக்கிறான் என்று சொல்லிச் சொல்லி மகிழ்வார். இன்றைக்குச் சில வண்டிகளில் ஹெட்லைட் பல்பு மாற்றப் பம்பரைக் கழற்ற வேண்டியிருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் டயர்மேல் உட்கார்ந்திருக்கும் அவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அம்பாசிடரின் எஞ்சினை ஒருமுறை இறக்கினோம். சிலிண்டர் தேய்ந்தால் அதைக் கடைந்து பெரிதாக்கி, அடுத்த சைஸ் பிஸ்டன் போடுவார்கள். ரீபோர். கிராங்க் தேய்ந்தால் லேத் பட்டறையில் கொடுத்துப் பத்து தௌ (தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கடைந்து, அதற்கேற்ற பேரிங் போடுவார்கள். பிறகு இருபது, முப்பது என்று போகும். சிலிண்டர் கடைசி சைஸையும் தாண்டிவிட்டால் ஸ்லீவ் இறக்கி, மறுபடியும் ஸ்டாண்டர்டு சைஸிலிருந்து ஆரம்பிப்பார்கள். ஆக ஒரு எஞ்சினுக்குப் பல ஆயுள் இருந்தது. மேஸ்திரி ஃபீலர் கேஜில் பதினைந்து தௌ தகட்டை எடுத்து ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் நுழைத்து இழுப்பார். தகடு சும்மா வரவும் கூடாது, சிக்கிக்கொள்ளவும் கூடாது, லேசாக இழுபட்டு வர வேண்டும். ஒருநாள் என் விரலில் அந்தத் தகட்டைக் கொடுத்து, “இழுத்துப் பாரு கண்ணு, இந்தப் பிடிமானம் விரலுக்குப் பழகணும்” என்றார். எட்டு வால்வையும் இழுத்துப் பார்த்தேன். ஏழாவதில் கொஞ்சம் இறுக்கம் என்று சொன்னேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அதை மறுபடி தளர்த்தி வைத்தார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். சில ஆண்டுகளில் எங்கள் தெருவிலும் ஒன்று வந்தது. மூன்று சிலிண்டர், 796 சி.சி., குறுக்காகப் படுத்த எஞ்சின், கியர் தரையில். மேஸ்திரி முதல்முறை போனெட்டைத் திறந்துவிட்டு, கையை நுழைத்துப் பார்த்து, இடம் போதாமல் வெளியே எடுத்தார். ஆனால் அவர் அதை வெறுக்கவில்லை. வெய்யிலில் ஏற்காடு ஏறிவிட்டு நிற்காமல் வந்த வண்டியை எப்படி வெறுப்பது? அப்பாவும் அம்பாசிடரை விற்றுவிட்டு அதற்கு மாறினார். ஈரத் துண்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அந்த இரண்டு வண்டிகளும், மாருதி 800-உம் அம்பாசிடரும், ஒரே ஆண்டில், 2014-இல், உற்பத்தி நின்று போயின.

கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தபோதுதான் பட்டறை உண்மையிலேயே மாறியது. ஸ்கேனர் வைத்திருப்பவனே மெக்கானிக் என்று ஆயிற்று. ஸ்கேனர் நல்ல கருவிதான். அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அது எந்த சென்சார் புகார் சொல்கிறது என்று காட்டுமே தவிர, ஏன் என்று காட்டாது. பெட்ரோல் கலவை மெலிந்திருக்கிறது என்று திரையில் வந்தால், அதற்கு இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம், பம்ப் பலம் குறைந்திருக்கலாம், கிழிந்துபோன ஒரு ரப்பர் குழாய் வழியாகக் காற்று உள்ளே போய்க்கொண்டிருக்கலாம். என் தோழி ஒருத்தியின் வண்டிக்கு ஒரு சர்வீஸ் நிலையத்தில் சென்சாரை மாற்றினார்கள், பிறகு பம்பை மாற்றச் சொன்னார்கள். சேலத்துக்கு வந்திருந்தபோது மேஸ்திரியிடம் காட்டினோம். அவர் எஞ்சினை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். “உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருது பாரு” என்று கையை உள்ளே விட்டு ஒரு குழாயின் முனையை விரலால் அடைத்தார். எஞ்சின் உடனே நிதானத்துக்கு வந்தது. குழாயின் விலை ஒரு சாப்பாட்டுக் காசுகூட இல்லை.

2015 டிசம்பர் தொடக்கத்தில் சென்னை மூழ்கியது. அடையாற்றங்கரையில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழ்த்தளத்தில் நிறுத்தியிருந்த கார்கள் கூரைவரை நீரில் கிடந்தன. வடிந்த பிறகு, ஓடுகிறதா பார்ப்போம் என்று சாவியைத் திருகியவர்கள்தாம் அதிகம் இழந்தார்கள். காற்றை இழுக்கும் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கும். காற்று அழுத்தினால் சுருங்கும், தண்ணீர் சுருங்காது. மேலே ஏறும் பிஸ்டனுக்குப் போக இடமில்லாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய், பிளக்குகளை எடுத்துத் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை மாற்றிய பிறகே கிளப்ப வேண்டும். சாதாரண இன்சூரன்ஸில் இந்த எஞ்சின் சேதத்துக்குப் பெரும்பாலும் பணம் வராது. அதற்கென்று தனியாகச் சேர்த்து எடுத்திருக்க வேண்டும்.

அந்த வெள்ளத்துக்கு அடுத்த ஆண்டில்தான் நான் சென்னையில் பழைய கார் தேடினேன். மூழ்கிய வண்டிகள் எல்லாம் ஏலத்தில் போய், கழுவித் துடைத்து, பாலிஷ் போட்டுச் சந்தைக்கு வந்துகொண்டிருந்த நேரம். மேஸ்திரி அப்போது மகள் வீட்டுக்குச் சென்னை வந்திருந்தார். வயதாகிவிட்டது, நடை தளர்ந்திருந்தது. “நான் வர்றேன் கண்ணு” என்று அவராகவே சொன்னார்.

கீழ்த்தள நிறுத்தத்தில் வண்டி பளபளவென்று நின்றது. “டாக்டர் வண்டிங்க மேடம், சிங்கிள் ஓனர்” என்றார் புரோக்கர். மேஸ்திரி எஞ்சினைத் திறக்கவே இல்லை. ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சீட் பெல்ட்டைப் பிடித்து மெதுவாக இழுத்தார். இழுத்துக்கொண்டே போனார். பெல்ட் கடைசிவரை வந்து நின்றது. மாட்டிக்கொள்ளும்போது வெளியே வரும் பகுதி சுத்தமாக இருந்தது. உள்ளே சுருண்டு கிடக்கும் கடைசி முழத்தில் குறுக்கே பழுப்பாக ஒரு கோடு. அதற்குக் கீழே நார் நாராகச் சேறு காய்ந்திருந்தது. வண்டியைக் கழுவுகிறவர்கள் மேட்டை மாற்றுவார்கள், சீட் உறையை மாற்றுவார்கள், வாசனை அடிப்பார்கள். பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துக் கழுவுவதில்லை. மேஸ்திரி பெல்ட்டை மெதுவாக உள்ளே விட்டார். “போலாம் கண்ணு” என்றார். புரோக்கர் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார்.

அப்படிப்பட்ட வண்டி வாங்கிய அன்று நன்றாகவே ஓடும். மாதங்கள் கழித்து ஒயர் இணைப்புகளில் பச்சை பூக்கும். ஒருநாள் ஜன்னல் இறங்காது, இன்னொரு நாள் ஏர்பேக் விளக்கு எரியும், பிறகு ஓடும் சாலையில் நின்றுவிடும். அதன் பின்னால் யாராலும் ஓடி முடியாது.

கடைசியில் வாங்கியது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் பெட்ரோல் வண்டி. சின்ன வண்டிதான். மீட்டர் காட்டிய கிலோமீட்டரை மேஸ்திரி நம்பவில்லை. மீட்டரை எவரும் திருப்பலாம் என்பார். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. மீட்டர் குறைந்த ஓட்டம் காட்டும்போது நான்கு டயரும் வண்டியைவிடப் புதிதாக இருந்தால் கேள்வி கேட்க வேண்டும். அந்த ஆசிரியரின் வண்டியில் வந்த நாளின் டயர்களே இருந்தன. பிரேக் பெடலின் ரப்பர் வரி தேயாமல் இருந்தது. கதவு ரப்பர் பீடிங்கை விரலால் புரட்டிப் பார்த்தார், உள்ளே பெயின்ட் தூவல் இல்லை. போனெட் போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் உடையவில்லை. ஸ்பானர் அங்கே போனதே இல்லை. ஆசிரியர் சர்வீஸ் ரசீதுகளைக் காகித உறையில் வரிசையாக வைத்திருந்தார். மேஸ்திரி அந்த உறையைத்தான் நெடுநேரம் பார்த்தார்.

டீசல் வாங்கலாமா என்று கேட்டதற்கு, தினமும் எவ்வளவு ஓட்டுவாய் என்று திருப்பிக் கேட்டார். நகரத்துக்குள் கொஞ்சம் ஓட்டுபவருக்கு டீசல் வேண்டாம் என்றார். அவர் சொன்னது இன்னும் சரியாகிவிட்டது. 2020-க்குப் பின் வந்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. நீண்ட நேரம் வேகமாக ஓடிச் சூடேறினால்தான் அதில் சேர்ந்த கரி எரியும். பள்ளிக்கும் காய்கறிக் கடைக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும், மாற்றுவதற்குப் பெரிய தொகை ஆகும். விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று அப்படிப்பட்டவர்கள் பழைய டீசல் வண்டி எடுப்பதை நான் தடுத்துக்கொண்டே இருக்கிறேன்.

அந்தச் சின்ன வண்டியின் கதவுக் கண்ணாடி ஒருமுறை உடைந்தது. எழும்பூரை ஒட்டிய புதுப்பேட்டைக்குப் போனேன். கூவத்தை ஒட்டிய அந்தத் தெருக்களில் ஒரு முழு வண்டியின் எல்லா உறுப்பும் தனித்தனியாகக் கிடைக்கும். கடைக்கு வெளியே கியர்பாக்ஸ்களும் கதவுகளும் அடுக்கிக் கிடக்கும். கடைக்காரர் வண்டியின் பெயரைக் கேட்டுவிட்டு, எந்த வருஷம், எந்த மாசம் என்றும் கேட்டார். அந்த ஆண்டின் நடுவில் கண்ணாடியின் வளைவை மாற்றிவிட்டார்களாம். நிறுவனத்தின் ஆட்களுக்கே தெரிந்திராத விஷயம் இது. இத்தனை அறிவும் எழுதி வைக்கப்படாமல் அந்தத் தெருவில் மனிதர்களின் தலையில் மட்டும் இருக்கிறது.

மேஸ்திரி வண்டி பார்த்துச் சொல்ல வாங்குபவரிடம் மட்டுமே கூலி வாங்குவார். விற்பவரிடமோ புரோக்கரிடமோ ஒரு டீகூடக் குடிக்கமாட்டார். இரண்டு பக்கமும் வாங்குகிற வழக்கம் தொழிலில் உண்டு என்பதால் அவர் இதைச் சொல்லியே வேலைக்கு வருவார். அரை நாள் பார்த்துவிட்டு ‘வேண்டாம்’ என்று சொன்னாலும் அப்பா முழுக் கூலியும் கொடுப்பார். ‘வேண்டாம்’ என்ற அந்தச் சொல்லுக்குத்தான் கூலி என்பார். இலட்சக்கணக்கில் வண்டிக்குக் கொடுப்பவர்கள் மெக்கானிக்குக்கு ஐந்நூறு கொடுக்கத் தயங்குகிறார்கள். பிறகு அவர் எப்படி உண்மை சொல்வார்?

அம்பாசிடரை விற்ற நாளில் அப்பா செய்த ஒரு காரியம் அப்போது எங்களுக்கு வீண் பிடிவாதமாகத் தோன்றியது. வாங்கியவர் பணத்தைக் கொடுத்துவிட்டார், சாவி கைமாறியது, பூசணிக்காய்கூட உடைத்தாகிவிட்டது. அப்பா அவரை விடவில்லை. நேராக ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அழைத்துப்போய், ஆர்.சி. புக்கில் பெயர் மாற்றக் கையெழுத்து வாங்கி, அலுவலக முத்திரை விழுந்த நகலை வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்பினார். வெறும் கையெழுத்துப் போட்ட படிவத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, வண்டியை இன்னொருவருக்கு, அவர் வேறொருவருக்கு என்று விற்றுக்கொண்டே போவது அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

அப்பாவின் பிடிவாதம் எவ்வளவு சரி என்பதை 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்ற வழக்கு. விஜய் குமார் 2007-இல் விற்ற கார் பல கை மாறி, 2009-இல் ஒரு விபத்தில் சிக்கியது. ஒருவர் இறந்தார். வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை. வண்டியை விற்று ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தும், பதிவேட்டில் பெயர் மாறாததால் விஜய் குமார்தான் சட்டப்படி உரிமையாளர், இழப்பீடும் அவர்தான் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. எப்போதோ விற்ற வண்டிக்காக, எங்கோ யாரோ ஓட்டிய ஓட்டத்துக்காக.

சட்டம் தெளிவாக இருக்கிறது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும். விற்றவர் தெரிவிப்பதற்குப் படிவம் 29, பெயர் மாற்றத்துக்குப் படிவம் 30. கடனில் எடுத்த வண்டி என்றால் கடன் தீர்ந்ததற்குப் படிவம் 35-ஐயும் வங்கியின் கடிதத்தையும் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். இன்சூரன்ஸும் பெயர் மாற வேண்டும். விபத்தில்லாமல் ஓட்டியதற்கான நோ கிளெய்ம் போனஸ் விற்றவருக்கே சொந்தம், வண்டியோடு போகாது. 2023 ஏப்ரலிலிருந்து, பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற்று, தங்கள் கையில் இருக்கும்வரை வண்டிக்குத் தாங்களே பொறுப்பேற்க வேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது. வியாபாரியிடம் கொடுத்தால் அந்த அங்கீகாரச் சான்றை முதலில் கேளுங்கள்.

விற்று ஒரு மாதம் ஆனதும் பரிவாகன் தளத்தில் உங்கள் பழைய வண்டியின் எண்ணைப் போட்டுப் பாருங்கள். பெயரை முழுதாகக் காட்டாது என்றாலும் உங்கள் எழுத்துகள் உங்களுக்குத் தெரியும். அவை இன்னும் அங்கே இருந்தால், படிவம் 29-இன் நகலை எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கிளம்புங்கள்.